அனுமதியும் வாக்குறுதியும்

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் 4 வருஷமாக இங்கிலாந்தில், வுல்வர்ஹாம்ப்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. 35 வயதுக்கு மேல் அவனுக்கு சைக்கிள் பந்தய ஆசை பிடித்துக்கொண்டது. பணமோ பேரோ வரக்கூடிய பந்தயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது ஐம்பது பேரோடு சேர்ந்து ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்துவிட்டு வீடு திரும்புகிற அமெச்சூர் பந்தயம். இதற்கு ஒரு லைசென்ஸ் வேண்டும். அதை வாங்கின கதையை எனக்கு விரிவாக எழுதியிருந்தான். பிரிட்டிஷ் சைக்கிளிங் என்ற சம்மேளனத்தில் உறுப்பினராகிப் பணம் கட்டினான். கேட்ட இடங்களில் சம்மதம் தெரிவித்தான். உரிமம் வந்தது. எல்லோரையும்போல் கடைசிப் படியான 4ஆம் வகுப்பில் சேர்த்தார்கள். பந்தயங்களில் 12 புள்ளிகள் சேர்த்தால் 3ஆம் வகுப்பு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைசியில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தான்: "இந்த தேசத்தில் நான் பூர்த்தி செய்த படிவங்களிலேயே, நீ ஏன் இங்கே வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்காதது இது ஒன்றுதான்."

நான் கிண்டலாகப் பதில் எழுதினேன். பிரியத்தினால் செய்கிற காரியத்துக்குமா லைசென்ஸ், காதலிப்பதற்குத் தாசில்தாரிடம் மனுக் கொடுப்பது மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். அமெச்சூர் என்ற சொல்லுக்கு மூலத்தில் பிரியம் கொண்டவன் என்றுதான் அர்த்தம். அவன் அதற்குப் பதில் எழுதவில்லை. பதில் வராத கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. புத்திசாலித்தனமாக எழுதிவிட்டதாக நான் நினைத்த அந்த வரி எவ்வளவு அசட்டுத்தனமானது என்று விளங்கச் சில மாதங்கள் பிடித்தன. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

லைசென்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு குறிப்பிட்ட விதமான அவமானம். என் தகப்பனார் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். வருஷத்துக்கு ஒரு முறை முனிசிபாலிட்டியில் பணம் கட்டினால் ஒரு தகர வில்லை தருவார்கள். அதைச் சைக்கிளில் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து மாட்டிக்கொள்ளவேண்டும். வில்லை இல்லாமல் அகப்பட்டுக்கொண்டால் அபராதம், அல்லது சைக்கிளையே பிடித்து வைத்துக்கொள்வார்கள். அந்த வில்லை அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று சொல்லவில்லை. எதிரே வருகிறவனுக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. இவன் பணம் கட்டிவிட்டான், இந்த வருஷம் தொந்தரவு செய்யாதே என்று ஒரு சிப்பந்தி இன்னொரு சிப்பந்திக்குச் சொல்லிவைத்த சேதிதான் அது. உரிமம் என்று இன்று அலுவலகத் தமிழில் எழுதுகிறோம். உரிமை என்ற சொல்லுக்குள்ளிருந்து உரிமத்தைச் செய்தவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரில் உரிமை இல்லை. அனுமதிக்கப்பட்டது என்ற பொருள்தான் இருக்கிறது. அனுமதித்தவன் ஒருவன் மேலே இருக்கிறான், நாம் கீழே இருக்கிறோம். அனுமதியின் இலக்கணம் இதுதான்: அது எப்போதும் செங்குத்தானது.

ஆகவே சைக்கிள் பந்தயத்துக்கு லைசென்ஸ் என்று கேள்விப்பட்டதும் அந்தத் தகர வில்லைதான் என் மனதில் ஆடியது. அந்த வில்லையை வைத்துக்கொண்டு நண்பனின் விஷயத்தைப் புரிந்துகொள்ள முயன்றதுதான் என் பிசகு.

*

நண்பன் வசிக்கிற பிரதேசமே இந்த விஷயத்தில் ஒரு சரித்திரம் உள்ள இடம். அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

1888இல் இங்கிலாந்தின் சட்டம் சைக்கிளை ஒரு வண்டி என்று ஒப்புக்கொண்டது. சாலையில் போக அதற்கு இடம் கிடைத்தது. ஆனால் சாலையில் பந்தயம் விடுகிறவர்கள் பொதுஜனங்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 1894இல் ஒரு பந்தயத்தின்போது குதிரைவண்டி ஒன்று மிரண்டு ஏற்பட்ட அசம்பாவிதம் பெரிய கூச்சலாகிவிட்டது. தேசிய சைக்கிள் சங்கம் பயந்துபோய்ச் சாலைப் பந்தயத்தைத் தானே விலக்கிவைத்தது. போலீஸ் தடை செய்வதற்கு முன்னால் நாமே தடை செய்துகொண்டால் சைக்கிளாவது மிஞ்சும் என்பது அவர்களுடைய தர்க்கம். பந்தயப் பிரியர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஒன்றாகப் புறப்படாமல் ஒரு நிமிஷம் விட்டு ஒருவராகப் புறப்படுவது. அதிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில். தோளிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடுப்பு. பாதைக்குப் பெயர் இல்லை, ரகசியக் குறியீடு மட்டும். ஆட்டக்காரர்களின் பட்டியலில் அந்தரங்கமானது என்று அச்சிட்டிருக்கும். பந்தயம் விடுகிறவன் பந்தயம் விடாதவன் மாதிரித் தோன்றவேண்டும் என்பதே லட்சியம்.

பட்டியலின் தலைப்பில் இருந்த அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்முடைய பத்திரிகைகளின் அட்டையில் தனிச்சுற்றுக்கு மட்டும் என்று போட்டுக்கொள்கிறோமே, அதன் சகோதரச் சொல் இது. இதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கறுப்பு உடுப்பு ஏற்பாட்டை உடைத்தவர் வுல்வர்ஹாம்ப்டன்காரர். பெர்ஸி ஸ்டாலர்டு என்று பெயர். 1933இல் பிரான்ஸில் நடந்த உலக அமெச்சூர் சாலைப் போட்டியில் தன் நாட்டுக்காக ஓடியவர். எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக ஓடுகிற ஐரோப்பியப் பந்தயம் எப்படியிருக்கும் என்று அறிந்திருந்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் பங்கீட்டினால் சாலைகள் காலியாகக் கிடந்தன. இப்போதாவது நடத்தலாமே என்று சங்கத்துக்கு எழுதினார். மறுத்துவிட்டார்கள். சங்கம் எந்தப் போலீஸுக்குப் பயந்ததோ அந்தப் போலீஸிடமே நேராகப் போனார்; அவர்கள் ஒத்துழைத்தார்கள். 1942 ஜூன் 7ஆம் தேதி, நாற்பது பேர் வரை, வேல்ஸில் உள்ள லாங்காலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல் ஓடினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சங்கம் ஸ்டாலர்டையும் ஓடியவர்களையும் தள்ளிவைத்தது. அதே வருஷம் நவம்பரில் தள்ளிவைக்கப்பட்டவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் தங்களுக்கென்று ஒரு லீக் ஆரம்பித்தார்கள். 17 வருஷம் இரண்டு அமைப்புகளும் சண்டை போட்டு, 1959இல் ஒன்றாகின. இன்றைய பிரிட்டிஷ் சைக்கிளிங் அதன் வாரிசு. 1960இல் சாலைப் பந்தயங்களுக்கென்றே சட்ட விதிகள் வந்தன. இந்த இணைப்பையும் ஸ்டாலர்டு துரோகம் என்றுதான் கருதினார். 2001இல் அவர் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்கிற எழுத்தாளன் எவனும் உடனே ஸ்டாலர்டு பக்கம் சேர்ந்துகொள்வான். ஸ்தாபனத்தை எதிர்த்த தனிமனிதன், லைசென்ஸைக் கிழித்தவன். நமக்குப் பிடித்த உருவம். நானும் முதலில் அப்படித்தான் சேர்ந்துகொண்டேன். ஆனால் கலகக்காரர்கள் கூடி முதலில் செய்த காரியம் ஒரு சங்கம் அமைத்தது. உறுப்பினர் பட்டியல், விதிகள், தண்டனைகள் எல்லாம் அங்கேயும் உண்டு. இதை லட்சியத்தின் வீழ்ச்சி என்று சொல்லிவிடுவது சுலபம். அது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நிமிஷம் விட்டு ஒருவனாகத் தனியே ஓடுகிறவனுக்குக் கறுப்பு உடுப்பும் ரகசியமும் போதும். கூட்டமாக ஓடவேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது போதாது. ஏன் போதாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

*

கூட்டமாக சைக்கிள் பந்தயம் ஓடுவது என்றால் என்ன என்பதை நண்பன் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள்காரனின் பெரிய எதிரி காற்று. முன்னால் போகிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் 30 சதவீதம் வரை உழைப்பு மிச்சமாகும். ஆகவே எல்லோரும் ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். முன் சக்கரத்துக்கும் முன்னவனின் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. தோளோடு தோள் உரசும். முன்னால் இருப்பவனுக்குத்தான் சாலை தெரியும். பின்னால் இருப்பவனுக்குத் தெரிவது ஒரு முதுகு மட்டுமே. முன்னவன் கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினால் பள்ளம் உண்டு. காட்டாவிட்டால் இல்லை என்று நம்பி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டும். ஒருவன் காரணமில்லாமல் பிரேக் பிடித்தால் அவன் விழமாட்டான். அவனுக்குப் பின்னால் வருகிற பத்துப் பேர் விழுவார்கள்.

போட்டியாளர்கள் இவர்கள். ஒருவனை ஒருவன் ஜெயிக்க வந்தவர்கள். ஒருவனுக்கு ஒருவன் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் தன் எலும்பை இன்னொருவனின் கவனத்தில் ஒப்படைத்துவிட்டு ஓடுகிறான் ஒவ்வொருவனும். பழக்கத்தினால் நம்பலாம், சொந்தத்தினால் நம்பலாம், ஊர்க்காரன் என்று நம்பலாம். இங்கே எதுவும் இல்லை. இங்கே நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன?

சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிகளில் லைசென்ஸ் என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. தகர வில்லை ஞாபகத்தோடு அதைப் படித்த எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பந்தயத்தில் கலந்துகொள்ள அனுமதிக்கிற ஆவணம் என்று அது சொல்வது இரண்டாவதாகத்தான். முதலில் சொல்வது, இதை வைத்திருப்பவன் விதிகளை மதிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான் என்பதை உறுதிசெய்கிற அடையாளப் பத்திரம் என்பது. வாக்கு முன்னால், அனுமதி பின்னால். பத்திரத்தில் மேலே இருப்பவனின் முத்திரை இருக்கலாம். ஆனால் அதன் வாசகம் பக்கத்தில் ஓடுகிறவனுக்காக எழுதப்பட்டது. என்னால் உனக்குக் காயம் பட்டால் என்னைக் கண்டுபிடிக்க முடியும், உன் நஷ்டத்துக்கு ஈடு செய்ய இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைத்தால் நான் வருவேன், தப்பு செய்தால் தண்டனையை ஏற்பேன். இதெல்லாம் அந்தப் பத்திரத்தின் மூலம் பக்கத்துத் தோளுக்குச் சொல்லப்படுகிறது. அனுமதி செங்குத்தானது என்றேன். வாக்குறுதி கிடைமட்டமானது.

தண்டிக்கப்படக்கூடியவனாக என்னை ஒப்புக்கொடுப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது என்பதை நாம் அநேகமாக யோசிப்பதில்லை. விதியை ஸ்தாபனத்தின் கைத்தடியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். யாராலும் கேள்வி கேட்கப்பட முடியாதவன் சுதந்திரமானவன் என்று நினைக்கிறோம். அவன் சுதந்திரமானவனாக இருக்கலாம். ஆனால் அவனுக்குப் பின்னால் யாரும் சக்கரத்தை ஒட்டி ஓடமாட்டார்கள்.

*

இப்போது நண்பனின் வாக்கியத்துக்கு வருகிறேன். அந்தப் படிவம் மட்டும் ஏன் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை?

அவன் அந்த நாட்டில் இருப்பது முழுக்க அனுமதியின் பேரில். வேலை கொடுத்த கம்பெனியின் பேரில் விசா. கம்பெனி மாறினால் புது மனு. முன்பு கையில் ஒரு அட்டையாவது இருந்தது; 2024 முடிவோடு அந்த அட்டைகளும் காலாவதியாகி, அவன் அங்கே இருக்கலாம் என்பது இப்போது அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு. வீடு வாடகைக்குக் கேட்டால் அந்தப் பதிவைக் காட்டவேண்டும். வுல்வர்ஹாம்ப்டனின் ஒரு தொகுதிக்கு 24 வருஷம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர்தான் ஈனக் பவல். 1968 ஏப்ரலில் பர்மிங்ஹாமில், வந்தேறிகளைப் பற்றிப் பேசி ஒரு தேசத்தையே பிளந்தவர். அந்தப் பேச்சின் எதிரொலி இன்னும் ஓயவில்லை என்று நண்பன் சொல்கிறான். எல்லாரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு வழியனுப்பும் தொனி இருக்கிறது என்று ஒரு தடவை எழுதியிருந்தான்.

பந்தய லைசென்ஸ் விஷயத்தில் சர்வதேச விதி வேறு மாதிரி இருக்கிறது. லைசென்ஸைத் தரவேண்டியது நீ எந்த நாட்டுப் பிரஜையோ அந்த நாட்டின் சம்மேளனம் இல்லை. மனுக் கொடுக்கிற சமயத்தில் உன் முதன்மையான வசிப்பிடம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் சம்மேளனம். வருஷ நடுவில் நாடு மாறினாலும் அந்த லைசென்ஸ் முடிகிறவரை அங்கேதான் நீ உறுப்பினன். பிரஜாவுரிமை அழிந்துபோய்விடவில்லை, அதற்கும் ஒரு இடம் உண்டு. தேசியச் சாம்பியன் பட்டத்துக்கும் உலகப் போட்டிக்கும் அவன் இந்தியனாகத்தான் போகமுடியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு அவன் எங்கே பிறந்தான் என்பது கேள்வியே இல்லை. எங்கே உறங்கி எழுந்திருக்கிறான் என்பதுதான் கேள்வி.

விளையாட்டு அதிகாரிகள் உதாரகுணம் படைத்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சம்மேளனம் 1900இல் பாரிஸில் பிறந்ததே ஒரு தேசியச் சண்டையில்தான்: பிரிட்டன் ஒரு நாடா, பல நாடுகளா, அதற்கு எத்தனை ஓட்டு என்ற தகராறில். ஐந்து நாடுகள் பிரிந்துபோய் ஆரம்பித்தபோது பிரிட்டனை வெளியே நிறுத்தினார்கள். 2022இல் யுத்தத்தை ஒட்டி ரஷ்ய, பெலாரஸ் தேசிய அணிகளை விலக்கிவைத்தார்கள். தேசம் என்ற பூதம் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் வசிப்பிட விதி ஒரு காரணத்தோடுதான் வந்திருக்கவேண்டும். வாக்கு கொடுத்தவனைக் கேள்வி கேட்கவேண்டுமானால் அவன் இருக்கிற இடத்தில்தான் கேட்கமுடியும். யாருடைய முதுகுக்குப் பின்னால் நான் ஓடுகிறேனோ அவனுக்கு நான் எந்த மண்ணில் பிறந்தேன் என்பதால் ஒரு லாபமும் இல்லை.

ஃபிரான்ஸ்வா ஃபாபர் என்று ஒருவர் இருந்தார். பிறந்ததும் வளர்ந்ததும் பிரான்ஸில். தகப்பனார் லக்ஸம்பர்க் நாட்டவர் என்பதால் இவரும் லக்ஸம்பர்க் பிரஜை. 1909இல் டூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார்; வெளிநாட்டவர் ஒருவர் அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. யுத்தம் வந்ததும் பிரெஞ்சு ராணுவத்தின் அந்நியர் படையில் சேர்ந்தார். 1915 மே மாதம் பிரான்ஸின் வடக்கே போர்முனையில் செத்துப்போனார். வாழ்ந்த இடத்துக்கும் பத்திரத்துக்கும் இருந்த இடைவெளியை அவர் உடம்பைக் கொடுத்துத்தான் கடக்கவேண்டியிருந்தது. அப்போதும் அவர் சேர்ந்த படையின் பெயரில் அந்நியர் என்றுதான் இருந்தது.

*

என் வாதத்துக்கு எதிராக ஒரு உதாரணத்தை நானே சொல்லிவிடவேண்டும். வாக்குறுதி கிடைமட்டமானது என்றால், அதை ஏற்றுக்கொள்ள எதிரே ஒருவன் வேண்டும். அவன் கையை நீட்டாவிட்டால்?

அமெரிக்காவில், பாஸ்டன் நகரில், கிட்டி நாக்ஸ் என்ற கலப்பினப் பெண். தையல் வேலை. 1893இல் அமெரிக்க சைக்கிள்காரர்களின் லீகில் உறுப்பினரானாள். 1894இல் லூயிவில் நகரில் கூடிய அந்த லீக் இனி வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்தியது. 1895 கோடையில் ஆஸ்பரி பார்க்கில் லீகின் மாநாடு. கிட்டி நாக்ஸ் தன் உறுப்பினர் அட்டையோடு போனாள். அட்டை உண்மையானது. திருத்தத்துக்கு முந்தியது. சந்தா பாக்கி இல்லை. ஆனாலும் அந்த அட்டையை வைத்து அங்கே ஒரு ரகளை நடந்தது. பழைய உறுப்பினரை விதி கட்டுப்படுத்தாது என்று பிறகு சொன்னார்கள். மேஜர் டெய்லர் 1899இல் மான்ட்ரியாலில் உலகச் சாம்பியன் ஆனபோதும் கறுப்பர் என்பதால் அந்த லீகில் அவருக்கு இடம் கிடையாது. அந்தத் தீர்மானத்தை லீக் முறைப்படி ரத்து செய்தது 1999இல்.

அமெச்சூர் என்ற அழகான சொல்லுக்கும் இந்தக் கறை உண்டு. 1879இல் ஹென்லி படகுப் பந்தயக்காரர்கள் செய்த வரையறையில், கூலிக்குக் கைத்தொழில் செய்கிறவன் அமெச்சூர் ஆகமுடியாது. பிரியம் வைப்பதற்குக்கூடக் கைகள் வெள்ளையாக இருக்கவேண்டும்.

ஆக, பத்திரம் மட்டும் போதாது. வாக்கு கொடுக்கிற தகுதி இவனுக்கு உண்டு என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். அனுமதி மறுக்கப்பட்டவன் ஒரு காரியத்தை இழக்கிறான். வாக்கு மறுக்கப்பட்டவன் மனிதர்களுக்கு நடுவில் தன் இடத்தையே இழக்கிறான். ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடிய ஆழமான அவமரியாதை அவனைத் தடுப்பது அல்ல, நீ சொல்வதை நான் நம்பவேண்டிய அவசியமில்லை என்று அவனிடம் சொல்வது. இதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. என் மேஜைக்கு எதிரே நின்ற ஒருவனிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் பாங்கில் கிளார்க். சில வருஷங்களுக்கு முன் பீகார்க்காரன் ஒருவன் கணக்கு ஆரம்பிக்க வந்தான். எங்கள் ஊரில் ஆறு வருஷமாகக் கட்டட வேலை செய்கிறவன். ஆதாரில் பீகார் விலாசம். இருப்பது இங்கே, சித்தாள்களோடு ஒரு தகரக் கொட்டகையில். இங்கே இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அவன் சொன்ன தமிழில் பிழை இருந்தது, தயக்கம் இல்லை. "இங்கதான் சார் இருக்கேன், எல்லாருக்கும் தெரியும்." பத்திரம் கொண்டுவா என்று அனுப்பிவிட்டேன். அவன் திரும்ப வரவில்லை. ஆதாரில் உள்ள விலாசமும் இப்போது இருக்கிற விலாசமும் வேறு வேறானால், இப்போதைய விலாசத்துக்கு அவனுடைய சொந்த உறுதிமொழியே போதும் என்று விதி அப்போதே இருந்தது. எனக்கு அது தெரியும். கூட்டமான நாள், சிரமப்பட விரும்பவில்லை. விதி அவனிடம் ஒரு வாக்கைத்தான் கேட்டது. நான்தான் அனுமதியைக் கேட்டேன். ஸ்தாபனம் என்று நாம் கட்டுரைகளில் எழுதுகிற அந்த மிருகம் அன்றைக்கு என் நாற்காலியில் என் பேனாவோடு உட்கார்ந்திருந்தது.

இங்கிலாந்தின் வெள்ளைக்காரக் குமாஸ்தா என் நண்பனிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு அவன் சொன்னதை எழுதிக்கொள்கிறான். நான் சொந்த தேசத்துக்காரனையே நம்ப மறுத்தேன். சாலைப் பந்தயத்தின் விதிப்புத்தகத்தில் இருக்கிற விவேகம் என் மேஜையில் இல்லை.

*

தனிச்சுற்றுக்கு மட்டும் என்ற வாசகத்துக்கு வருவதாகச் சொன்னேன். நாமும் அமெச்சூர்கள்தான். பகலில் குமாஸ்தா, வாத்தியார், தபால்காரர். ராத்திரியில் கவிதை, விமர்சனம். யாரும் நமக்குப் பணம் தருவதில்லை, யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. இதைப் பற்றி நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதிகாலையில் கறுப்பு உடுப்பில் ஒருவன் பின் ஒருவனாகத் தனித்தனியே ஓடியவர்களின் சுதந்திரத்தைத்தான் நாம் அனுபவிக்கிறோமோ என்று சந்தேகம் வருகிறது. ஒருவன் கவிதைத் தொகுதியை இன்னொருவன் இரண்டு பாராவில் கொன்றுபோடுகிறான். புனைபெயரில் வேறு. விழுந்தவன் எழுந்து வந்து ஏன் பிரேக் பிடித்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. கேட்பதே இலக்கியக் குற்றம் என்று வேறு சொல்லிவிடுகிறோம். கடுமையான விமர்சனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒட்டி ஓடுவது என்றாலே கடுமைதான். பள்ளம் இருக்கிற இடத்தில் கையை நீட்டிக் காட்டினோமா, கேள்வி வந்தால் நின்று பதில் சொல்வோமா என்பதுதான் கேள்வி. அது இல்லாமல் எழுத்துலகம் என்று நாம் சொல்லிக்கொள்வது, ஒரு நிமிஷ இடைவெளியில் தனித்தனியே ஓடுகிறவர்களின் வரிசை.

நண்பன் முதல் பந்தயம் முடிந்த பிறகு மறுபடி எழுதினான். எத்தனையாவதாக வந்தான் என்பதை எழுதவில்லை. ஒரு திருப்பத்தில் பயந்துபோய் பிரேக் பிடித்துவிட்டானாம். பின்னால் வந்தவன் எப்படியோ ஒதுங்கித் தப்பித்தான். பந்தயம் முடிந்ததும் அந்த ஆள், ஐம்பது வயதுக்காரன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே இவனிடம் வந்தான். திருப்பத்தில் பிரேக் பிடிக்கக்கூடாது, அதற்கு முன்னாலேயே பிடித்திருக்கவேண்டும், இன்னொரு தடவை இப்படிச் செய்தால் என் பல்லும் போகும் உன் பல்லும் போகும் என்று எல்லோர் முன்னிலையிலும் ஐந்து நிமிஷம் திட்டினான். பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா என்று கேட்டுவிட்டுப் போனான்.

"4 வருஷத்தில் இந்த நாட்டில் என்னை ஒருவன் திட்டியது இதுதான் முதல் தடவை" என்று எழுதியிருந்தான். "மற்ற எல்லாரும் மரியாதையாகவே இருந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது."